ஏலம் மணக்கும் மலைச்சரிவினிலே

விடுமுறை வந்ததும் கொடைக்கானலையும் உதகையையும் நாடும் நாம், தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரை எளிதில் நினைப்பதில்லை. 1928-இல் மதுரையிலிருந்து இங்கு வந்த மீட்டர்கேஜ் இரயில், அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நின்றது. 2023 ஜூனில் மீண்டும் இரயில் வந்துவிட்டது.

ஊரைக் கடந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏற ஏறக் கீழே சமவெளி விரியும் அழகே அழகு! கேரள எல்லையைத் தாண்டினால் ஏலத்தோட்டங்கள். மற்றொரு திசையில் குரங்கணி. அங்கு வனத்துறையின் அனுமதியின்றி மலையேறுதல் ஆகாது; 2018 மார்ச்சில் மூண்ட காட்டுத்தீ 23 உயிர்களைக் கவர்ந்தது.

ஏலச்செடி மரநிழலில் வளர்வது. தரையையொட்டிய சரங்களில் காய்கள் தொங்கும். அவை ஒருங்கே முற்றுவதில்லை. ஆதலின் அதே செடியைப் பன்முறை நாடி, குனிந்து, முற்றியவற்றை மட்டும் தேர்ந்து பறிக்க வேண்டும். பறிப்போர் பெரும்பாலும் பெண்கள். அடிவார ஊர்களிலிருந்து காலையிலேயே ஜீப்புகளில் நெருக்கியமர்ந்து மலையேறி, மாலையில் இறங்குகின்றனர். அவர்கள் பறித்த காய், பசுமை மாறாது உலர்த்தப்பெற்று, சலித்துத் தரம் பிரிக்கப்பெற்று, போடியில் நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மையத்தில் நடக்கும் ஏலத்திற்கு வருகிறது.

நம் பாயசத்தில் மணப்பது அவர்கள் உழைப்பு. பிள்ளைகளுக்கு மலையைக் காட்டும்போது அவர்களையும் காட்டுவோம். மாலையில் அந்த ஜீப்புகள் எதிர்ப்பட்டால் ஒதுங்கி வழிவிடுவோம். நமக்கு அது உல்லாசப் பயணம், அவர்களுக்கோ வீடு திரும்பும் நேரம்.