அப்பாவின் வால்வு ரேடியோ

முந்தாநாள் நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, என்னிடம் பத்தாம் வகுப்பில் அறிவியல் படித்தவன் ஒருவன் (இப்போது அவனே தாத்தா) "சார், இதென்ன டிபன் கேரியரா?" என்று கேட்டிருந்தான். பிள்ளைகளா, அது ரேடியோ. கைப்பிடி பிடித்துத் தூக்கிப் போகலாம். கரண்ட் வேண்டாம், பேட்டரியில் ஓடும் வால்வு ரேடியோ.

பாபநாசத்தில் 1944லேயே தாமிரபரணித் தண்ணீரில் மின்சாரம் எடுத்தார்கள். அதே ஆற்றங்கரையில், சேரன்மகாதேவிப் பக்கம், எங்கள் தெருவுக்குக் கம்பம் வந்தபோது நான் ஹைஸ்கூல் போய்விட்டேன். அதுவரை இந்தப் பெட்டிதான்.

உள்ளே நாலு வால்வு. டி.கே.96, டி.எஃப்.96, டி.ஏ.எஃப்.96, டி.எல்.96. கரண்டில் ஓடும் வால்வு செட் சூடாகக் கொஞ்ச நேரம் எடுக்கும். இது திருகினதும் பேசிவிடும். இழை சூடாக ஒன்றரை வோல்ட் போதும். ஆனால் வால்வு வேலை செய்ய இன்னொரு பக்கம் 90 வோல்ட் வேண்டும். அதற்காக 60 சின்னச் செல்களை வரிசையாகக் கோத்த பேட்டரி அப்போது கடையில் கிடைத்தது. இப்போது கிடைக்காது. 9 வோல்ட் பேட்டரி பத்தை ஒன்றோடொன்று மாட்டிச் சமாளிக்கிறேன். ஒருதரம் வயரை மாற்றிக் கொடுத்துவிட்டேன். 90 வோல்ட் இழையில் பாய்ந்து நாலு வால்வும் போச்சு. முப்பது வருஷம் மின்சுற்று நடத்திய வாத்தியார்! சிரிக்காதீர்கள்.

அப்பா வைத்திருந்த செட் இப்போது இல்லை. டிரான்சிஸ்டர் வந்ததும் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டோம். அதேபோல் ஒன்று கிடைக்காதா என்று தேடித்தான் இந்த நாலும் சேர்ந்தது. கரண்ட் போன ராத்திரிகளில் எல்.இ.டி. பல்பு இரைச்சல் இல்லாமல் சுத்தமாகக் கேட்கும்.

1963 டிசம்பரில் திருநெல்வேலி வானொலி வந்தது. எனக்குப் பத்து வயசு இருக்கும். பேட்டரி விலை அதிகம் என்பதால் காலைச் செய்தி, மாலைச் செய்தி, அவ்வளவுதான். அப்பா வாழைத் தோட்டத்துக்குப் போனதும் நான் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு சிலோன் பாட்டு கேட்பேன். சத்தம் குறைந்தால் பேட்டரி செலவாகாது என்று நினைப்பு. இழை எரிந்துகொண்டேதான் இருக்கும் என்று அப்போது யார் சொன்னார்கள்?

1964 மே 27. நேரு போய்விட்டார் என்று கேள்விப்பட்டு, சாயங்காலம் தெருவே எங்கள் திண்ணையில் கூடிவிட்டது. செய்தி தொடங்கினதும் சத்தம் இறங்க ஆரம்பித்தது.

"அண்ணாச்சி, என்ன சொல்லுதான்?"

அப்பா பெட்டியில் காதை ஒட்டவைத்து, கேட்டதை ஒவ்வொரு வரியாக உரக்கச் சொன்னார். ரேடியோ அடங்கும்வரை சொன்னார். எங்கள் தெரு அந்தச் சாவை அப்பா குரலில்தான் கேட்டது. நான் அம்மா முந்தானைக்குப் பின்னால் நின்றேன்.

"பேட்டரி எறங்கிட்டு," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை.

கார் அறுவடை முடிந்துதான் புதுப் பேட்டரி வந்தது. அதை மாட்டிவிட்டு அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"ஏல, சிலோன் எந்த இடத்துல வரும்? வையி, கேப்போம்."