தளை தட்டும் எஞ்சின்

யாப்பில் எழுத்து, அசை, சீர் ஆகியவற்றுக்கு அடுத்து நிற்பது தளை. நின்ற சீரின் ஈற்றசையும் வரும் சீரின் முதலசையும் பொருந்தும் முறை அது. வெண்பாவில் ஓரிடத்தில் அது பிறழ்ந்தால் தளை தட்டுகிறது என்போம். பொருள் புரிவதற்கு முன்பே செவி அதைக் கண்டுகொள்ளும். தமிழ் கற்பித்துப் பிழைக்கும் நாங்கள் இருவரும் இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் சொல்லிவருவது இதைத்தான். எங்கள் 150 சிசி மோட்டார் சைக்கிளுக்குள்ளிருந்து காலை வேளைகளில் எழுந்த 'கடகட' ஓசையையும் செவிதான் முதலில் கண்டது. காரணம் சொன்னவள், பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் இரண்டாமாண்டு படிக்கும் எங்கள் மகள்.

இலக்கியப் பக்கத்தில் எஞ்சினுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். சற்றுப் பொறுத்தருள்க. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் தண்டு இரு முறை சுழன்றால் கேம் தண்டு ஒரு முறை சுழலவேண்டும். வால்வுகள் உரிய கணத்தில் திறந்து மூடுவது இக்கணக்கினால்தான். இரு தண்டுகளையும் பிணைப்பது டைமிங் செயின். நாட்பட அதன் கண்ணிகளிலுள்ள ஊசிகள் தேய்ந்து செயின் நீள்கிறது. அத்தளர்வை ஒரு பக்கமிருந்து அழுத்தி ஈடுகட்டுவது டென்ஷனர் எனும் சிறு கருவி. அதன் வில் சோர்ந்தால் செயின் தட்டும். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் செயின் ஒரு பல் தாவலாம். நிலைமை முற்றினால் வால்வு பிஸ்டனில் மோதி எஞ்சினே பாழாகலாம்.

பணிமனை ஒன்றுக்குப் போனோம். "எஞ்சினையே இறக்கணும் சார்" என்றார்கள். டென்ஷனரைக் கழற்றிப் பார்க்கலாமா என்று மகள் கேட்டாள். "தள்ளி நில்லும்மா, கையில கிரீஸ் ஆயிடும்" என்று பதில் வந்தது. அவள் ஒன்றும் பேசவில்லை. கல்லூரிப் பட்டறையிலும் ஸ்பானர் தன் கைக்கு வருவதற்குள் மணி அடித்துவிடுகிறது என்று அன்றிரவுதான் சொன்னாள். ஈராண்டுப் படிப்பு முழுவதும் நோட்டுப் புத்தகத்திலேயே இருந்திருக்கிறது. எஞ்சினின் ஓசையைவிட அதுவே எங்களை உறுத்தியது.

வீட்டிலேயே மாற்றுவதென்று முடிவாயிற்று. உரிய கருவிகள் இல்லாமல் தொடுவதில்லை என்பது அவள் நிபந்தனை. 8, 10 மில்லிமீட்டர் சாக்கெட்டுகள், சிறிய டார்க் ரெஞ்ச், புதிய டென்ஷனர், புதிய கேஸ்கெட் எல்லாம் வாங்கினோம். ஒரு மில்லிமீட்டர் இரும்புத் தகட்டை வெட்டி, அரத்தால் ராவி, டென்ஷனரின் தண்டை உள்ளிழுத்துப் பிடிக்கும் சாவியை அவளே செய்துகொண்டாள்.

ஞாயிறு காலை, ஆறிய எஞ்சின். சர்வீஸ் கையேட்டை வாசிப்பது எங்கள் பொறுப்பு. பக்கவாட்டு மூடியைத் திறந்து, காந்தச் சக்கரத்தின் 'டி' குறியை அடையாளக் கோட்டுக்கு நேரே நிறுத்தினாள். இரு வால்வுகளின் ராக்கர்களும் சற்றே ஆடின; பிஸ்டன் அழுத்த வீச்சின் உச்சியில் நிற்கிறது என்பதற்கு அது சான்று. "இனிமே யாரும் கிக்கரைத் தொடாதீங்க" என்றாள். டென்ஷனர் இல்லாத வேளையில் எஞ்சின் சுழன்றால் செயின் பல் மாறிவிடும்.

இரண்டு போல்ட்டுகள்தாம். பழையது கழன்றது. அதன் தண்டு முழு நீளத்துக்கும் வெளிவந்திருக்கவில்லை; ஆகவே செயினுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது என்றாள். முற்றிலும் நீண்டிருந்தால் செயினையே மாற்றவேண்டியிருக்கும். புதியதைச் சாவியால் திருகித் தண்டை உள்ளடக்கி, கேஸ்கெட்டோடு பொருத்தி, போல்ட்டுகளை மாற்றி மாற்றி முடுக்கினாள். எஃகு போல்ட், அலுமினிய மரை. கை பலத்தை நம்பினால் மரை உரிந்துவிடும். கையேடு சொன்ன 10 நியூட்டன் மீட்டரில் டார்க் ரெஞ்ச் 'க்ளிக்' என்றது. சாவியை உருவியதும் உள்ளே தண்டு பாய்ந்து செயினை அழுத்தியது. கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுழற்றினாள். குறி மீண்டும் கோட்டில் வந்து நின்றது.

கிளப்பியபோது சீரான ஓசை மட்டுமே கேட்டது.

மறுவாரம் பட்டறை வகுப்பு முடிந்து வந்தவளிடம், மணி அடிப்பதற்குள் உன் முறை வந்ததா என்று கேட்டோம்.

"வரலம்மா. நானே போய்க் கேட்டு வாங்கிட்டேன்" என்றாள்.