எல்லை கடக்கும் மருந்துப் பை

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் பாதையில், தென்னந்தோப்புகளின் நடுவே கோபாலபுரம் இருக்கிறது. இங்கே தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்குகிறது. ஆனாலும் பேச்சு மாறுவதில்லை. கொழிஞ்சாம்பாறை கடந்தும் தமிழ் கேட்கிறது. வைத்தியமும் அப்படியே. அங்கிருந்து ஆயுர்வேதக் கஷாயம் இங்கே வருகிறது. இங்கிருந்து சித்த லேகியம் அங்கே போகிறது.

சரீரத்தில் கட்டி எழும்பியவுடன் ஏழைக் குடும்பம் முதலாவது தேடுவது தெரிந்த வைத்தியரையே. அவர் நம் பாஷையில் பேசுகிறார்; கத்தியைக் காட்டிப் பயமுறுத்துவதில்லை; கொடுக்கிறதை வாங்கிக்கொள்ளுகிறார். பெரிய ஆஸ்பத்திரியோ தூரத்தில் இருக்கிறது. அங்கே போனால் தினக்கூலியும் போகிறது. ஆகையால் அவர்களைப் பரிகசிக்க வேண்டாம்.

கேரளத்தில் முள்ளாத்தா இலையும் லட்சுமிதரு இலையும் புற்றுநோயைத் தீர்க்கும் என்று வாய்ச்சொல்லாகப் பரவின. நாம் முள் சீத்தா என்கிற அதே முள்ளாத்தாதான். மனிதரின் புற்றுநோயை இவை குணமாக்கின என்பதற்கு நம்பத்தக்க நிரூபணம் இல்லை. கரீபியன் தீவான குவாதலூப்பில் முள் சீத்தாவை அதிகம் உட்கொண்டவர்களிடம் நடுக்க வாதம் போன்ற வியாதி காணப்பட்டதாக மருத்துவர்கள் 1999-இல் எழுதினார்கள்.

அப்படியானால் பச்சிலையில் ஒன்றுமில்லையா? நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியைப் பாருங்கள். ஜமைக்கா மக்கள் நீரிழிவுக்கு என்று குடித்த அந்த இலையை 1950-களில் கனடாவில் ஆராய்ந்தார்கள். அது இரத்தத்தின் வெள்ளணுக்களைக் குறைக்கக் கண்டார்கள். அச்செடியிலிருந்து கிடைத்த வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்னும் மருந்துகள் இன்றும் பயன்படுகின்றன. பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு வின்கிரிஸ்டின் கொடுக்கப்படுகிறது. ஆனால் அது மில்லிகிராம் கணக்கில் அளந்து நரம்பில் ஏற்றப்படுகிறது. செடியைக் காய்ச்சிக் குடித்தால் அது மருந்தல்ல, விஷம்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் 2018-இல் வெளியிட்ட ஆய்வைக் கேளுங்கள். குணமாக்கத்தக்க நிலையில் இருந்தும் மாற்று மருத்துவத்தை மட்டும் தெரிந்துகொண்டவர்களுக்கு மரண அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றில் ஐந்து மடங்குக்கும் மேல். கொன்றது பெரும்பாலும் இலையல்ல, இழந்த காலமே.

ஆகவே மூன்று காரியங்களைச் செய்யுங்கள். முதலாவது, கட்டியை ஆஸ்பத்திரியில் காண்பித்துப் பயாப்சி செய்யுங்கள். ஜெபிக்கிற வீட்டாருக்கும் இது வேண்டியதே. இரண்டாவது, குடிக்கிற கஷாயத்தை மறைக்காமல், புட்டியோடு டாக்டரிடம் காட்டுங்கள். கீமோ மருந்தோடு அது சேர்ந்தால் ஈரல் கெடலாம், மருந்தின் வேகமும் மாறலாம். மூன்றாவது, பணத்துக்குப் பயந்து நின்றுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உண்டு. அடையாறு புற்றுநோய் நிலையம் 1954 முதலும், திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1981 முதலும் ஏழைகளுக்கும் சிகிச்சை அளித்துவருகின்றன.

வியாதி முற்றியிருந்தாலும் வேதனையைத் தணிக்க வழியுண்டு. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரணப் பணி இன்று கேரளத்தின் வீடுகளுக்கே செல்லுகிறது.

ஊரிலிருந்து உங்கள் தாயார் போனில், "சின்னக் கட்டிதான், வைத்தியர் எண்ணெய் கொடுத்திருக்கிறார்" என்றால் கோபிக்காதீர்கள். எண்ணெயைக் கொட்டச் சொல்லவும் வேண்டாம். அந்த வாரமே லீவு போட்டுச் சென்று, கையைப் பிடித்து அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போங்கள்.