அழகும் வேகமும்

மைன்கிராப்டு விளையாட்டில் முழுக் கட்டைக்கு ஆறு முகங்கள். ஒளி புகாத கட்டைகள் ஒட்டி நிற்கையில், மறைந்த முகங்களைக் கணினி வரைவதில்லை. ஆகவே மலையும் பெரும்பாலும் தடையின்றி ஓடும்.

2014இல் வெளிவந்த 1.8 பதிப்பு முதல், ஜாவா பதிப்பில் கட்டையின் வடிவத்தை ஜேசன் கோப்பில் நாமே எழுதலாம். சிறு பெட்டிகளை அடுக்கிக் குத்துவிளக்கும் செய்யலாம். ஆயினும் 20 பெட்டிகள் என்றால் 120 முகங்கள். அத்தகைய விளக்குகள் நூறு என்றால் 12,000. மறைக்குமாறு கோப்பில் குறிப்பிடாவிடில், கணினி அத்தனையையும் சுமக்கும்.

என் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் குழுவாகக் கோயில் கட்டினர். ஒரு மாணவனின் விளக்குகள் அவனது புதிய கணினியில் அழகாகத் தெரிந்தன. குழுவிலிருந்த மாணவியின் பழைய மடிக்கணினியிலோ கோயில் அசையவேயில்லை. அவள் மெல்ல ஒதுங்கிக்கொண்டாள்.

அதைக் கண்ட மாணவன், தானே கோப்பைத் திறந்தான். 20 பெட்டிகளை ஆறாகக் குறைத்தான்; கண்ணுக்குப் படாத அடிப்பக்க முகங்களை நீக்கினான். விளக்கின் நுணுக்கம் சற்றுக் குறைந்தது. அவள் மறுபடியும் கோபுரம் கட்ட வந்தாள்.

பெற்றோர்களே, பிள்ளையின் படைப்பைப் பாராட்டும்போது, "உன் நண்பர்களின் கணினியிலும் இது ஓடுமா?" என்றும் கேளுங்கள். எதை விட்டுக்கொடுப்பது என்று தேர்ந்தெடுப்பதும் கல்வியே.