பதினைந்து விநாடி

ஜவ்வாது மலை, காவலூர்ப் பக்கம். மார்ச் மாத அமாவாசை. சாமை அறுத்த காட்டோரம் ஒரு பைக், இரண்டு இளைஞர்கள். ட்ரைபாடின் மூன்று காலும் மூன்று உயரத்தில்.

மரங்களுக்குப் பின்னால் வைணு பாப்பு வானாய்வகம். உள்ளே 2.3 மீட்டர் தொலைநோக்கி, 1986 முதல். பெயருக்குரியவர் 1949இல் ஹார்வர்டு மாணவர். தான் எடுத்த படத்தட்டில் புது வால்நட்சத்திரம் ஒன்றைக் கண்டவர். சுவருக்கு வெளியே இரவல் கேமரா, 18-55 லென்ஸ்.

வடமேற்கே வாணியம்பாடி வெளிச்சம் மஞ்சளாய் நிற்கிறது. கேமரா அதற்கு முதுகு காட்டுகிறது.

மணி பத்து. ஒருவன் பொத்தானை அழுத்துகிறான். லென்ஸ் முன்னே போகிறது, பின்னே வருகிறது, கிர்ரென்கிறது. பிடிக்க ஒன்றும் அகப்படவில்லை. ஷட்டர் விழவில்லை.

"மேனுவல்ல போடுடா." நண்பன் செல்போனைப் பார்த்துச் சொல்கிறான். செல்போன் டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள், அதன்மேல் ரப்பர் பேண்டு.

தென்மேற்கே சிரியஸ். திரையில் பெரிதாக்கினால் பட்டாணி அளவு வெள்ளைப் பந்து. லென்ஸ் வளையத்தை மயிரிழை திருப்புகிறான். பந்து சுருங்குகிறது. புள்ளியாகிறது. விரல் நிற்கவில்லை. மறுபடி பந்து.

திரும்பி வருகிறான். புள்ளி. செலோடேப்பைப் பல்லால் கடித்து வளையத்தின்மேல் ஒட்டுகிறான்.

முதல் படம், 30 விநாடி. நட்சத்திரமெல்லாம் குட்டிக் கோடு. பூமி சும்மா இருக்கவில்லை.

கோடு விழாமல் எத்தனை விநாடி? 500ஐ லென்ஸின் 18ஆல் வகுக்கிறார்கள். சின்ன சென்சார், வந்ததை 1.5ஆல் மறுபடி வகுக்கிறார்கள். பதினெட்டரை. டயலில் 20 இருக்கிறது, 15 இருக்கிறது. பதினெட்டரை இல்லை.

15. ஐஎஸ்ஓ 3200. எஃப் 3.5. விரல் பட்ட அதிர்வு அடங்க 2 விநாடி டைமர். ஷட்டர் திறந்திருக்கும்வரை இருவரும் அசைவதில்லை. கேமராவைத் தொடாத நண்பனும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறான். கொசு அவன் காதில் உட்காருகிறது.

நள்ளிரவு. கேட்டை சிவப்பாய் எழுகிறது. நண்பன் பெட்ஷீட்டுக்குள்.

மணி மூன்று. தென்கிழக்கே விருச்சிகத்தின் கொடுக்கை ஒட்டிப் பால்வீதியின் மையம். கண்ணுக்கு வெறும் புகை. திரையில் பழுப்பும் இளஞ்சிவப்பும். பேட்டரி ஒரு கட்டம்.

அடுத்த படம் ஓடிக்கொண்டிருக்கிறது. வரப்பில் ஒரு டார்ச். பின்னால் பெரியவர், தலையில் துண்டு.

"என்னப்பா, ஏதாச்சும் தொலைச்சுட்டீங்களா?"

பதில் இல்லை. க்ளிக். அப்புறம் பதில்.

"இல்லீங்கய்யா. நட்சத்திரத்தப் படம் புடிக்கிறோம்."

பெரியவர் அண்ணாந்து பார்க்கிறார். டார்ச்சும் அண்ணாந்து பார்க்கிறது.

திரையில் படம் வருகிறது. மேலே பால்வீதி. கீழே, இருட்டுக்குக் குறுக்கே வெள்ளைக் கோடு நெளிகிறது. எழுந்துவந்த நண்பன் டெலிட் பொத்தானைக் காட்டுகிறான்.

"இது என்ன கோடு?"

"உங்க டார்ச்சுங்கய்யா."

"நான் எங்க?"

"நடந்தா விழாதுங்க. அசையாம நின்னாத்தான்."

பெரியவர் டார்ச்சை அணைக்கிறார். துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போடுகிறார். வரப்பில் ஏறி விறைப்பாக நிற்கிறார்.

"இப்ப எடு."