மூன்றரை சென்டிமீட்டர் தூரம்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் ஒரு மன்னிப்பும் ஒரு வேண்டுகோளும் இருக்கின்றன.

போன திங்கட்கிழமை திருவள்ளூர் கலெக்டர் ஆபீசில் ஒரு மனு கொடுக்க வேண்டியிருந்தது. திங்கட்கிழமைதான் அங்கே குறைதீர் நாள். என் முதுகுவலிக்கு பஸ் குலுக்கல் ஆகாது. அதனால் கும்மிடிப்பூண்டியில் விடிகாலை லோக்கல் ட்ரெயின் ஏறினேன். பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் என்று தெற்கே போய், பேசின் பிரிட்ஜில் இறங்கி, வேறு ட்ரெயின் பிடித்து, அம்பத்தூர், ஆவடி என்று மேற்கே போக வேண்டும்.

எதிர் சீட்டில் சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒடிசாப் பையன் ஒருவன். நன்றாகவே தமிழ் பேசினான். "திருவள்ளூருக்கு ஏம்மா மெட்ராஸ் வழியா போறீங்க?" என்று கேட்டு, செல்போனில் மேப்பைத் திறந்து இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு கோடு போட்டுக் காட்டினான். 36 கிலோமீட்டர். "பக்கம்தானே!"

அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்கு சுருக்கென்றது. அதே கோட்டை நான் வகுப்பில் போட வைத்திருக்கிறேன்.

1997-ல் செங்கல்பட்டு மாவட்டத்தைப் பிரித்து திருவள்ளூர் மாவட்டம் உண்டானது. புது மாவட்டம் என்பதால் எல்லாரையும் வரைபடம் போட வைத்தேன். அதற்கு அடுத்த வருஷமோ என்னவோ, ஒரு தேர்வில் கேட்டேன்: "கும்மிடிப்பூண்டியிலிருந்து மாவட்டத் தலைநகர் எவ்வளவு தூரம்?" ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து கிலோமீட்டர் அளவு. ஸ்கேல் வைத்தால் மூன்றரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட வரும். எல்லாரும் 35, 36 என்று எழுதினார்கள். ஒரு பெண் மட்டும் 90 என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் அடித்துவிட்டேன்.

பேப்பர் கொடுத்த அன்று எழுந்து நின்றாள். "எங்க அப்பா மனு குடுக்கப் போனாரு டீச்சர். சென்ட்ரல் போய் மாறித்தான் போனாரு. இங்கேர்ந்து சென்ட்ரல் 48, அங்கேர்ந்து திருவள்ளூர் 42."

"ஸ்கேல் வெச்சா என்ன வருதோ அதுதான் விடை. உக்காரு" என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

என் கேள்வியில் 'நேர்கோட்டுத் தூரம்' என்ற வார்த்தையே இல்லை. தப்பு கேள்வியில்தான்.

பூகோள டீச்சராகச் சொல்கிறேன். அந்த நேர்கோட்டின் குறுக்கே ஆரணியாறும் கொசஸ்தலையாறும் ஓடுகின்றன. அந்தக் கோட்டில் தண்டவாளம் கிடையாது. ராயபுரத்திலிருந்து திருவள்ளூர் வழியாக வாலாஜா ரோடு போன ரயில் 1856-ல் ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை அதுதான். கும்மிடிப்பூண்டி வழியாக வடக்கே ஆந்திரா பக்கம் போகும் பாதை அந்த நூற்றாண்டின் கடைசியில் வந்தது. இரண்டுமே மெட்ராஸை மற்ற ஊர்களோடு சேர்க்கப் போட்டவை. நூறு வருஷம் கழித்து அந்த இரண்டு பாதைகளையும் உள்ளடக்கி ஒரு மாவட்டம் பிறந்தது. மாவட்டத்துக்கு எல்லை போட்டார்கள், தலைநகர் வைத்தார்கள். தண்டவாளம் மட்டும் பழையபடி மெட்ராஸைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறது. அதனால்தான் நம் தலைநகருக்கு ரயிலில் போக, மாவட்டத்தை விட்டு வெளியேறி சென்னைக்குள் நுழைந்து திரும்பி வர வேண்டியிருக்கிறது.

பஸ் உண்டு. ஆனால் உள்ளே தள்ளியிருக்கிற கிராமத்துக்காரர்களுக்கு இரண்டு மூன்று பஸ் மாற வேண்டும். ரயில் டிக்கெட் மலிவு. அந்தப் பெண்ணின் அப்பா அந்தக் கணக்கைத்தான் போட்டிருப்பார். மனு கொடுக்கிற ஒவ்வொரு தடவையும் அவருக்கு ஒரு நாள் கூலி போயிருக்கும். நான் அன்று வீடு திரும்பும்போது விளக்கு வைத்தாகிவிட்டது. ஒரே ஒரு மனுவுக்கு ஒரு பகல். பென்ஷன் வாங்குகிற எனக்கு அதில் நஷ்டமில்லை.

அந்தப் பெண் இதைப் படிக்கிறாளோ என்னவோ. பெயர் போடவில்லை, அவளுக்குத் தெரியும். அம்மா, உன் விடை சரி. ரொம்பத் தாமதமாகச் சொல்கிறேன், மன்னித்துக்கொள்.

மற்ற பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் பாதிப்பேர் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறீர்கள். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்று ஒன்று 2004-லிருந்து இருக்கிறது. யார் வேண்டுமானாலும் அதில் தன் ஊரைக் குறிக்கலாம், திருத்தலாம், ஊர்ப் பெயரைத் தமிழிலேயே சேர்க்கலாம். சேட்டிலைட் படத்தில் கூரை தெரியும், ரோடு தெரியும். மழை பெய்தால் எந்த சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும், ரயில்வே கேட் மூடினால் ஆட்டோக்காரர் எந்தச் சந்தில் திரும்புவார், காலனிக்குப் போகும் மண்பாதை எங்கே பிரிகிறது என்பதெல்லாம் அங்கே நடக்கிறவர்களுக்குத்தான் தெரியும். ஊருக்கு வரும்போது உங்கள் தெருவையாவது ஒரு தடவை சரிபாருங்கள். அப்பா அம்மாவிடம், "ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போறீங்க, எவ்வளவு நேரம் ஆகுது?" என்று கேளுங்கள். ஸ்கேலை அப்புறம் எடுக்கலாம்.

உங்கள் ஊரில் மேப் காட்டும் தூரமும் நீங்கள் போகும் தூரமும் எவ்வளவு வித்தியாசப்படுகிறது? கமெண்டில் எழுதுங்கள். இந்தத் தடவை யாருக்கும் தப்பு போட மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் ஜியாக்ரபி டீச்சர்