வலி போன பிறகும் மரத்திருக்கும் கால்

முதுகெலும்பு டிஸ்க் ஆபரேஷன் முடிந்து, காலில் இறங்கிய வலி நின்ற பிறகும் பெருவிரல் மரத்தே இருந்தால் ‘ஆபரேஷன் ஃபெயில்’ என்று வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் முடிவுகட்டிவிடுகிறார்கள். அது சரியல்ல. பிதுங்கிய டிஸ்க் நரம்பின் வேரை அழுத்துவதும் அங்கே அழற்சி உண்டாவதும்தான் வலிக்குக் காரணம். அழுத்தத்தை எடுத்ததும் பலருக்கு வலி சீக்கிரமே குறைகிறது. மதமதப்பு வேறு கணக்கு. நரம்பிழையே சேதமாகியிருந்தால் அது மறுபடி வளர வேண்டும், அந்த வேகமோ நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். இடுப்பிலிருந்து கால்விரல் வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரம்! மாதங்கள் போகும், வருடங்களும் ஆகலாம். சிலருக்குக் கொஞ்சம் நிரந்தரமாகவே தங்கிவிடும். செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடக்கிறவருக்கு இதை ஆபரேஷனுக்கு முன்பே விளக்கிச் சொல்வது மருத்துவரின் கடமை.

அப்படியானால் கத்தியே வேண்டாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 2007இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் இப்படி வலியுள்ள 283 பேர் இருந்தார்கள்; ஒரு தரப்புக்குச் சீக்கிரமே ஆபரேஷன், மறு தரப்பு காத்திருந்தது. சீக்கிரம் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது. ஆனால் ஓராண்டு முடிவில் இரு தரப்பிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களிலும் 39 சதவீதம் பேர் அந்த ஓராண்டுக்குள் ஆபரேஷனுக்குப் போனார்கள் என்பதை மறைத்துப் பேசக்கூடாது. ஆக, வலி மட்டும் என்றால் டாக்டரிடம் கலந்துபேசிச் சில வாரம் பொறுக்கலாம். பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கினாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்து சிறுநீர் அடைத்தாலோ, எண்ணெய் தேய்த்துப் பார்க்கலாம் என்று ஒரு நாளைக்கூடக் கடத்தாதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.